ஜே விருதும் எங்கள் சினிமாப் பக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இந்த அவுஸ்திரேலியாவின் ட்ரிபிள் ஜே வானொலி ஒவ்வொரு நவம்பரிலும் உள்ளூர் இசைக்காரர்களுக்குக் கொடுக்கிற ஜே விருதைப் பற்றி அவருடைய மகன் சாப்பாட்டு மேசையில் ஓயாமல் கதைக்கிறானாம். "அது வெள்ளைக்காரப் பெடியளின் கூத்து, எங்களுக்கும் அதற்கும் என்ன?" என்று கடிதத்தை முடித்திருந்தார். படித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாளும் வான் ஓட்டும்போது அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். நீண்டுவிட்டால் வெட்டிப் போடுங்கள், கோபிக்க மாட்டேன்.

நான் பாண் வான் ஓட்டுபவன். மெல்பேர்ணின் டண்டினோங் சவுத்தில் உள்ள ஒரு வெதுப்பகத்திலிருந்து ஸ்பிரிங்வேல், கிளேட்டன், ஓக்லி பக்கத்துக் கடைகளுக்குப் பாண் இறக்குவது வேலை. விடிய 3 மணிக்கு வான் வெளிக்கிட வேண்டும். பகலில் அதே வானை வேறொரு பெடியன் ஓட்டுகிறான். அவன் வானொலியை ட்ரிபிள் ஜே வருகிற 107.5இல் விட்டு, சத்தத்தையும் முழுதாகக் கூட்டி வைத்துவிட்டுத்தான் இறங்குவான். அடுத்த நாள் நான் சாவியைத் திருப்பியதும் கிற்றார் காதைக் கிழிக்கும். முதல் ஒரு மாதம் திட்டித் திட்டி மாற்றினேன். ஆனால் நான் ஓடுகிற நேரத்தில் தமிழ் நிகழ்ச்சி கிடைக்கவில்லை, செய்தியைப் போட்டால் கண் சொருகுகிறது. பிரின்சஸ் நெடுஞ்சாலையில் நித்திரை கொள்வதைவிடக் கிற்றார் மேல் என்று சத்தத்தைக் குறைத்து அதையே விட்டுவிட்டேன். அப்படித் தொடங்கி இப்போது 14 வருடம்.

எனக்கு 61 வயது. அந்த நிலையம் இளவட்டங்களுக்கானது. என்னைப் போன்ற கிழடுகளுக்கென்று 2014இல் டபுள் ஜே என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைக் கேளுங்கோ அப்பா என்று மகள் சொல்வாள். அது டிஜிட்டல் வானொலியில் வருகிறது. எங்கள் வெதுப்பக வானில் கண்ணாடி இறக்குவதே பெரிய பாடு, டிஜிட்டலுக்கு எங்கே போவது?

கேட்கக் கேட்க அந்த நிலையத்தின் கதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. பிரதமர் விட்லமின் அரசாங்கக் காலத்தில், 1975 ஜனவரி 19ஆம் திகதி, சிட்னியில் 2ஜேஜே என்ற பெயரில் தொடங்கியது. அரச ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் பிள்ளை, அதாவது எங்கள் வரிப்பணத்தில் ஓடுவது. விளம்பரம் கிடையாது. வர்த்தக வானொலிகள் போட மறுத்து ஒதுக்கிய ஒரு மெல்பேர்ண் குழுவின் பாட்டைத்தான் முதல் நாள் முதல் பாட்டாகப் போட்டார்கள். அந்தத் துடுக்கு இன்னும் போகவில்லை. மெல்பேர்ணுக்கு அது வந்து சேர 1989 ஆகிவிட்டது.

இந்த நாட்டு வர்த்தக வானொலிகள் தங்கள் பாட்டு நேரத்தில் இவ்வளவு பங்கு அவுஸ்திரேலியப் பாட்டாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நிலையத்தின் வகையைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும். அதிகபட்சமே நூற்றுக்கு 25 தான். ட்ரிபிள் ஜே தனக்குத் தானே 40 என்று வைத்துக்கொண்டது. நவம்பர் மாதம் முழுவதையும் அவுஸ்திரேலிய இசை மாதம் என்று கொண்டாடுகிறது. மாதத்தில் ஒருநாள், பிடித்த உள்ளூர்க் குழுவின் பெயர் போட்ட ரீசேட்டை எல்லோரும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அதில் சேரும் காசு, கஷ்டப்படுகிற இசைக்காரர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் உதவுகிற சப்போர்ட் அக்ட் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. எங்கள் வெதுப்பகத்தில் மா பிசைகிற பெடியன் ஒருவன் வருடா வருடம் ஒரே ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வருவான். அந்தக் குழு கலைந்து பல வருடமாம். "பரவாயில்லை, எனக்கு அவர்கள் கலையவில்லை" என்பான்.

சரி, விருதுக்கு வருகிறேன்.

ஜே விருது 2005இல் தொடங்கியது. முதன்மையானது அந்த வருடத்தின் சிறந்த அவுஸ்திரேலிய இசைத்தொகுப்புக்கு. புதிதாக வந்த கலைஞருக்கு ஒன்று, காணொளிக்கு ஒன்று, டபுள் ஜே சார்பில் ஒன்று என்று வேறும் உண்டு. முதல் வருடம் சிட்னியின் வுல்ஃப்மதர் குழு வாங்கியது. அடுத்த வருடம் அடிலெய்டின் ஹில்டொப் ஹூட்ஸ். இவர்கள் ராப் பாடுகிறவர்கள். அமெரிக்கக்காரனைப் போல நாக்கை வளைக்காமல், அடிலெய்டில் கடைக்காரன் கதைக்கிற மாதிரியே ராப் பாடலாம் என்று காட்டினவர்கள். பேர்த்தின் டேம் இம்பாலா 2010, 2012, 2015 என்று மூன்று தடவை வாங்கியது. குழு என்று பெயர்தான், ஒலிப்பதிவில் கெவின் பார்க்கர் என்ற ஒரே ஆள்தான் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் வாசிக்கிறார். முதல் தொகுப்பைப் பேர்த்துக்குத் தெற்கே கடற்கரை வீடு ஒன்றில் இருந்து செய்தார்.

நான் கேட்கத் தொடங்கிய காலத்தில், 2011இல், கொட்யே வாங்கினார். பெல்ஜியத்தில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கு வந்தவர். அந்தத் தொகுப்பில் பெரும்பகுதியை மோர்ணிங்டன் தீபகற்பத்தில், தாய் தகப்பனின் காணியில் இருந்த ஒரு கொட்டிலில்தான் பதிவு செய்தார். என் வானில் விடியப்புறம் கேட்ட அதன் ஒரு பாட்டு அடுத்த வருடம் உலகம் முழுக்க முதலிடத்தில் நின்றது, அதற்கடுத்த வருடம் கிராமி விருதும் கிடைத்தது. சின்னப் பெருமை ஒன்று எனக்கும் இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டிய இடம். "வெள்ளைக்காரப் பெடியளின் கூத்து" என்றீர்கள். 2021இல் இந்த விருதை வாங்கிய ஜெனெசிஸ் ஒவுசு, கானாவில் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் பெற்றோரோடு கன்பராவுக்கு வந்த பிள்ளை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சொல்லாமல் மறைத்த அதே பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர். அந்தத் தொகுப்பில் இரண்டு கறுப்பு நாய்கள் வரும். ஒன்று மனச்சோர்வு, மற்றது நிறவெறி. அதை முழுதாகக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் வானை நிறுத்திப் பெட்டி இறக்க வேண்டியிருந்ததால் மட்டும் அல்ல.

அடுத்த வருடம், 2022இல், கிங் ஸ்டிங்ரே வாங்கியது. நாட்டின் வடக்கே, ஆர்ணம் நிலத்தின் யிர்கலா என்ற ஊர்ப் பக்கத்துக் குழு. யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் பாதி, ஆங்கிலத்தில் பாதி பாடுகிறார்கள். மனிகாய் என்று அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வருகிற பாட்டு மரபு உண்டு. நிலம், கடல், மீன், காற்று எல்லாவற்றுக்கும் அதில் பாட்டு இருக்கிறது. அதை எடுத்து கிற்றாரோடும் யிடாக்கி என்ற நீண்ட மரக்குழலோடும் சேர்த்திருக்கிறார்கள். 1991இல் இந்த நாட்டையே உலுக்கிய யோத்து யிண்டி குழுவின் தலைவர் எம். யுனுபிங்குவின் குடும்பத்துப் பிள்ளைதான் இதில் பாடுகிறார். யோத்து யிண்டியில் பேஸ் கிற்றார் வாசித்தவரின் மகன் இதில் கிற்றார் வாசிக்கிறார்.

அவர்களை முதன்முதல் கேட்ட விடியல் ஞாபகம் இருக்கிறது. கிளேட்டனில் ஒரு கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன், மழை. பாட்டு வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆங்கிலம் அல்ல என்பது விளங்க அரை நிமிடம் பிடித்தது. பிறகு என்னை அறியாமலே சத்தத்தைக் கூட்டினேன், அந்தப் பகல் பெடியன் செய்வதைப் போல. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆங்கிலப் பாட்டும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் விளங்காது. ஆனால் அப்போது விளங்காதது என் குறை என்று நினைத்துத் தலை குனிந்தேன். இந்தப் பாட்டைக் கேட்கிறபோது, இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கும் எனக்கும் ஒரே நிலைதான் என்று தோன்றியது. ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லோரும் கேட்கிறோம். கடைக்காரர் கதவைத் தட்டி, "பாண் நனையப் போகிறது" என்று கத்தினார்.

இதில் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்த நிலையத்தின் கதவு தமிழுக்குப் பூட்டியிருப்பதாக நாங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். போய்த் தட்டிப் பார்த்தோமா?

எனக்கு ஒரு மகள், 19 வயது. மூன்று வருடமாகத் தன் அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுச் செய்கிறாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழ் கொஞ்சம் கோணல்தான், "ழ" வராது. சென்ற வருடம் எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றின் இசை மாலைக்கு அவளும் பெயர் கொடுத்தாள். ஒத்திகை நாளில் ஒழுங்கமைப்பாளர் கேட்டார், "பிள்ளை, இது எந்தப் படத்துப் பாட்டு?" படத்துப் பாட்டில்லை, என்னுடைய பாட்டு என்றாள். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அது சரி பிள்ளை, ஆனா சனத்துக்குத் தெரிஞ்ச பாட்டாப் பாடுங்கோ. அவையள் கை தட்ட வேணும் எல்லே" என்றார். மகள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. இசை மாலைக்கும் போகவில்லை. நான் போனேன். பதினெட்டுப் பிள்ளைகள் பாடினார்கள், பதினெட்டும் சினிமாப் பாட்டு. பின்னணி இசை கணினியில் இருந்து வந்தது. நன்றாகவே பாடினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் அன்று மெல்பேர்ணில் பிறந்த பாட்டு ஒன்றுகூட இருக்கவில்லை.

நாங்கள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. இலங்கையில் பொப் இசை என்று ஒன்றை எங்கள் ஆட்களே கட்டி எழுப்பினார்கள். கல்யாண வீடு முதல் பேருந்துப் பயணம் வரை அந்தப் பாட்டுத்தான். அதில் முன்னோடி என்று எல்லோரும் சொல்கிற நித்தி கனகரத்தினம் பின்னாளில் குடிவந்தது இந்த அவுஸ்திரேலியாவுக்குத்தான். அவரைப் போல ஒரு பெடியன் இன்று டண்டினோங்கில் கிற்றாரோடு வந்து நின்றால் அவனிடமும் எந்தப் படம் என்றுதான் கேட்போம்.

இன்னொன்று. 2003இல் அவுஸ்திரேலியன் ஐடல் போட்டியில் கய் செபஸ்தியான் வென்றபோது, தகப்பன் வழியில் இலங்கைத் தமிழ் வேர் இருக்கிறதாம் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு அதுதான் பேச்சு. சிட்னியில் வளர்ந்த சுசீலா ராமன், இலண்டனுக்குப் போய் 2001இல் வெளியிட்ட முதல் தொகுப்போடு பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனார். தமிழ்ப் பெண் என்று அவரையும் சேர்த்துக்கொண்டோம். வென்ற பிறகு சொந்தம் கொண்டாட எங்களுக்குத் தெரியும். வெல்ல முதல், அந்தப் பிள்ளை தன் அறையில் இருந்து ஒரே வரியை நாற்பது தடவை பாடிப் பதிவு செய்கிறபோது, "சத்தத்தைக் குறை, அம்மா படுத்திருக்கிறா" என்பதும் நாங்கள்தான். நானும் சொல்லியிருக்கிறேன். விடிய 2 மணிக்கு எழும்புகிறவன் வேறு என்ன சொல்வான்?

அந்த முதல் படிக்குத்தான் ட்ரிபிள் ஜே ஒரு வழி வைத்திருக்கிறது. அன்ஏர்த்ட் என்று பெயர், நிலத்திலிருந்து தோண்டி எடுத்தது என்ற பொருளில். 1995இல் நாட்டின் ஒவ்வொரு மூலையாகப் போய் ஆட்களைத் தேடுகிற போட்டியாகத் தொடங்கினார்கள். லிஸ்மோரின் கிரின்ஸ்பூன் குழு அப்படித்தான் முதலில் அகப்பட்டது. 2001இல் மெல்பேர்ணில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த மிஸ்ஸி ஹிக்கின்ஸின் பாட்டை அவருக்குச் சொல்லாமல் அக்காதான் அனுப்பி வைத்தாராம். 2006இலிருந்து அது இணையத்துக்கு வந்துவிட்டது. இந்த நாட்டு இசைக்காரர் யாராக இருந்தாலும் காசில்லாமல் தன் பாட்டை அங்கே ஏற்றலாம். கேட்கிறவர்கள் நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதுவார்கள். நிலையத்து ஆட்களும் வந்து கேட்பார்கள். ஜே விருதுகளில் ஒன்று அங்கிருந்து வருகிற புதியவருக்கென்றே இருக்கிறது. நான் வருடா வருடம் பார்ப்பது பெரிய விருதை அல்ல, இதைத்தான். ஏனென்றால் இதில்தான் யாரென்றே தெரியாத பெயர்கள் வருகின்றன.

மகளிடம் இதை நான்தான் சொன்னேன். "எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். ஆனாலும் இரண்டு மாதம் கழித்துத்தான் ஏற்றினாள். இதுவரை கேட்டவர்கள் எண்ணிக்கை அறுபதைத் தாண்டவில்லை. அதில் பதினைந்து நான். யாரோ ஒருவர், வார்த்தை விளங்கவில்லை, ஆனால் மூன்று தரம் கேட்டேன் என்று எழுதியிருந்தார். மகள் அதைப் படம் பிடித்துத் தன் கைத்தொலைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறாள். வானொலியில் வரவில்லை. வரும் என்று நான் சொல்லவும் இல்லை.

விருதில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. யார் வென்றவர் என்று தீர்மானிப்பவர்கள் நிலையத்தின் அறிவிப்பாளர்களும் இசைப் பிரிவினரும்தான். வருடம் முழுக்க எந்தப் பாட்டைப் போடுவது என்று தெரிந்தெடுத்தவர்களே கடைசியில் எது சிறந்தது என்றும் சொல்கிறார்கள். கறி காய்ச்சியவரே ருசி பார்த்துப் பரிசும் கொடுக்கிற கதை. அவர்களுக்குப் பிடித்த ஒரு சத்தம் இருக்கிறது, அதற்கு வெளியே இருப்பவர்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று, முழுத் தொகுப்பைக் கேட்கிற பொறுமை இப்போது யாருக்கு? என் மகளே ஒரு பாட்டு, ஒரு பாட்டு என்றுதான் செய்கிறாள். அப்புறம், இது முன்பு போலச் சனத்துக்குத் தெரிவதும் இல்லை. ட்ரிபிள் ஜே என்றால் வருடத்தின் பிடித்த நூறு பாட்டுக்குக் கேட்கிறவர்கள் போடும் ஹொட்டஸ்ட் 100 என்ற வாக்கெடுப்பைத்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்த வாக்கெடுப்பைப் பாருங்கள். 2024ஆம் வருடத்துக்கான பட்டியலில் முதலிடம் ஓர் அமெரிக்கப் பாடகிக்கு. நூறு பாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட அவுஸ்திரேலியப் பாட்டாக இருக்கவில்லை. இது யாருடைய குற்றமும் அல்ல, கைத்தொலைபேசியில் உலகமே கிடைக்கிறபோது பிள்ளைகள் உலகத்தைத்தான் கேட்பார்கள். 2025 ஜூலையில் அவுஸ்திரேலியப் பாட்டுகளுக்கு மட்டும் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். முதலாவதாக வந்தது 1980களில் வந்த இன்எக்ஸ்எஸ் குழுவின் பாட்டு. நல்ல பாட்டுத்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வாக்குக் கேட்டால் சனம் தெரிந்ததைத்தான் சொல்லும் என்பது அதில் தெரிந்தது. எங்கள் இசை மாலையும் அதேதான், கைதட்டல்தான் அங்கே வாக்கு. யாராவது நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, இதுவரை கேட்காததைக் கேட்டுப் பார்த்து, இது நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தான் யிர்கலாவில் பாடுகிறவனின் குரல் ஸ்பிரிங்வேலுக்கு வரும். அந்த நாலு பேர் பிழை விடுவார்கள் என்பது தெரிந்தும் நான் அவர்கள் பக்கம்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையை நான் கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன், அந்த உரிமையில் கேட்கிறேன். சென்ற இதழில் சினிமாவுக்கு மூன்று பக்கம் இருந்தது. சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் சிட்னிக்கு வரப்போகிறார் என்பதற்கு அரைப்பக்கம், அவர் எந்த விமானத்தில் வருகிறார் என்பது வரை. நவம்பரில் ஒரே ஒரு இதழில், ஒரு கால் பக்கம் இந்த விருதுக்கு ஒதுக்க முடியாதா? யாருக்குக் கிடைத்தது, அவர் எந்த ஊர், தாய் தகப்பன் எங்கிருந்து வந்தவர்கள், எந்த மொழியில் பாடுகிறார் என்று எழுதினால் போதும். அதோடு அன்ஏர்த்டில் பாட்டு ஏற்றியிருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யார் யார் என்று தேடிப் பாருங்கள். என் மகள் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டாள். இந்த நாட்டில் வீட்டில் தமிழ் கதைக்கிறவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் என்று 2021 கணக்கெடுப்புச் சொல்கிறது. அத்தனை வீட்டிலும் ஒரு பத்து அறையிலாவது யாராவது இரவில் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்க மாட்டார்களா?

சென்ற இதழில் எழுதிய அந்த வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் அந்த விருதைப் பற்றிக் கதைக்கிறான் என்றீர்கள். என் மகள் என்னோடு கதைப்பதே குறைவு. அடுத்த முறை அவன் கதைத்தால், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்கிற பெயர் எனக்கும் தெரியவேண்டும், நானும் மனதில் ஒன்று வைத்திருக்கிறேன்.

எழுதுவதற்கு ஆள் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். விருது அறிவிக்கிற நாளன்று நான் குறிப்பு எடுத்து அனுப்புகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கதைப்பதென்றால் காலை 11 மணிக்குப் பிறகு எடுங்கள், பாண் எல்லாம் இறக்கி முடிந்திருக்கும். மாலை 7 மணிக்கு மேல் எடுக்க வேண்டாம், படுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பாண் வான் ஓட்டும் உங்கள் வாசகன்,
நோபிள் பார்க், விக்டோரியா